காரை விட்டு இறங்கும்போது அடித்த ஷாக்: பெங்களூரில் ஒரு வீட்டில் நடந்தது

முதலில்

இதில் வரும் குடும்பத்தின் பெயர், தெரு, வண்டி எந்தக் கம்பெனி என்பதெல்லாம் எழுதவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டது அப்படி, விஷயத்துக்கு அது தேவையும் இல்லை. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அந்தக் குடும்பத்துக்குப் பழைய பழக்கம். இந்த விவகாரத்தில் பாதியை நான் சரியாகக் கண்டுபிடித்தேன், மீதிப் பாதியில் கோட்டை விட்டேன். எழுதுவது அந்த இரண்டாவது பாதிக்காகத்தான்.

பின்னணி

கணவன், மனைவி, 9 வயது மகள், கணவரின் அப்பா என்று நாலு பேர். 2024 ஜனவரியில் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாறினார்கள். சென்னையில் ஆறு வருடம் ஓட்டிய பெட்ரோல் காரைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இங்கே வந்ததும் புதிதாக ஒரு எலெக்ட்ரிக் கார் எடுத்தார்கள். வீடு வாடகைக்கு, தரைத்தளம், முன்னால் போர்ட்டிகோ. அதன் சுவரில் ஒரு 15 ஆம்பியர் பிளக் போட்டு, காரோடு வந்த சார்ஜரை அதில் மாட்டி ராத்திரியில் சார்ஜ் போடுவார்கள்.

ஊர், வீடு, வண்டி மூன்றும் ஒரே மாதத்தில் மாறியது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது தப்பாகப் போனால் மூன்றில் எதைச் சொல்வது என்று தெரியாது, அதனால் எல்லாரும் புதிய வண்டியைத்தான் சொல்வார்கள். அதுவும் அது கரண்டில் ஓடுகிற வண்டி.

இன்னொரு விஷயமும் ஜனவரியிலேயே நடந்திருக்கிறது. முதல் நாள் பிளக்கில் சொருகியபோது சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறவில்லை. வீட்டு உரிமையாளர் அனுப்பிய எலெக்ட்ரீஷியன் வந்து பிளக்கைக் கழற்றி என்னவோ செய்து, பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு வரவைத்து, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இதை அவர்கள் என்னிடம் சொன்னது ஏப்ரல் கடைசியில். மார்ச்சில் நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி: ஷாக் ஆரம்பித்தது

பிப்ரவரி இரண்டாவது வாரம், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போன அம்மா காரை நிறுத்தி இறங்கி, கதவைச் சாத்தக் கை வைத்ததும் விரல் நுனியில் சுள்ளென்று ஒன்று அடித்தது. டப் என்று சத்தம்கூடக் கேட்டதாகச் சொன்னார். மறுநாளும் அதேதான், அப்புறம் தினமும். கணவருக்கும் அடித்தது, ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தரம். குழந்தைக்கு அடிக்க ஆரம்பித்த பிறகு அவள் கதவைக் கையால் தொடுவதையே விட்டுவிட்டாள், இறங்கியதும் ஷூ காலால் ஒரு உதை. புதுக் கார் கதவு, அப்பாவுக்கு மனசு பதறும்.

வீட்டில் எல்லாரும் வந்து நின்ற முடிவு, "பேட்டரியில லீக் இருக்கு."

சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தரம் போனார்கள். முதல் தரம் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தரம் சண்டை போட்டதால் உயர் அழுத்தப் பகுதியின் மின்காப்பை அளந்து காட்டினார்கள், மெகா ஓம் கணக்கில், அதாவது கரண்ட் கசிய வழியில்லாத அளவுக்கு, நன்றாகவே இருந்தது. கிளம்பும்போது அங்கே ஒருவர், கீழே எர்த் பட்டை ஒன்று தொங்கவிடுங்கள், சரியாகிவிடும் என்றார். டேங்கர் லாரிக்குப் பின்னால் சங்கிலி தரையில் உரசிக்கொண்டு போவதைப் பார்த்திருப்போமே, அந்த மாதிரி ரப்பர் பட்டை. 350 ரூபாய்க்கு வாங்கி மாட்டினார்கள். ஷாக் குறையவே இல்லை.

இந்தக் களேபரம் முழுக்கப் பெரியவருக்கு மட்டும் ஒரு தரம்கூட அடிக்கவில்லை. அவரும் தினமும் அதே காரில் கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வந்தார். "எனக்கு ஏன் அடிக்கல?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாராம். வயசானதால் விரல் மரத்துவிட்டது என்று கிண்டல் பண்ணிவிட்டு விட்டுவிட்டார்கள்.

மார்ச்: நான் போய்ப் பார்த்தது

மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். போவதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருந்தேன்: யாருக்கு, எத்தனை மணிக்கு, எதைத் தொட்டபோது, என்ன உடை, என்ன செருப்பு. பத்து நாள் எழுதியிருந்தார்கள். அந்த நோட்டைப் படித்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

காலையில் பள்ளிக்கு விடும்போது அநேகமாக ஷாக் இல்லை. மத்தியானம் மூன்றரை மணிக்குக் கூட்டிவரும்போது எல்லா நாளும் உண்டு. பத்து நாளில் மூன்று பதிவு காரே இல்லை, கதவைக் காலால் உதைத்துவிட்டு உள்ளே ஓடிய குழந்தைக்கு வீட்டு இரும்பு கேட்டைத் தொட்டபோது அடித்திருக்கிறது. காரில் லீக் என்றால் ஐந்தடி தள்ளி இருக்கும் கேட் ஏன் அடிக்க வேண்டும்? மின்னூட்டம் காரில் இல்லை, இறங்குகிற ஆள் உடம்பில் இருக்கிறது. எந்த உலோகத்தை முதலில் தொட்டாலும் அங்கே அடிக்கும்.

அதை உறுதிப்படுத்த ஒரு சோதனை. நான் போர்ட்டிகோவில் வெறுங்காலோடு நின்றேன். கணவர் ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தி, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்க, நான் வெளியிலிருந்து கதவையும் பானெட்டையும் தொட்டேன். ஐந்து தரம் செய்தோம், ஒரு தரம்கூட அடிக்கவில்லை. வண்டியின் உடலில் மின்னூட்டம் தங்கியிருந்தால் எனக்குத்தான் முதலில் அடித்திருக்கும். டயர் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்று நாம் படித்திருந்தாலும், டயரில் கலக்கும் கார்பன் கரி அதைக் கொஞ்சம் கடத்த வைத்துவிடும். சிலிக்கா கலந்த இந்தக் காலத்து டயர்களில்கூட நடுவில் கடத்தும் ரப்பரால் ஒரு கோடு விட்டிருப்பார்கள். அதனால் தரையைத் தொடும் பட்டை புதிதாகச் செய்ய வேண்டிய வேலை எதுவும் அங்கே இல்லை.

அடுத்தது டெஸ்டர். எல்லார் வீட்டிலும் இருக்குமே, உள்ளே சின்ன நியான் விளக்கு வைத்த ஸ்க்ரூடிரைவர். அதன் தலையில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு அம்மாவை இறங்கச் சொல்லி, முனையால் கதவின் கொண்டியைத் தொடச் சொன்னேன். கண் சிமிட்டும் நேரத்துக்கு விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மின்னி அணைந்தது, கையில் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைக்கு அது பிடித்துப்போய் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பத்துத் தரம் செய்தாள்.

பெரியவர் விஷயத்துக்கு வருவோம். அவர் உடுத்துவது கதர் வேட்டி, பருத்திச் சட்டை, காலில் தோல் செருப்பு. மருமகள் போடுவது பாலியஸ்டர் சுடிதாரும் தடித்த ரப்பர் அடி வைத்த செருப்பும். பேத்தியின் பள்ளிச் சீருடையும் பாலியஸ்டர் கலப்பு, காலில் ஷூ. சீட்டுக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் கடையில் போட்ட ரெக்சின் கவர், அதிலும் பின் சீட்டில் கடைக்காரர் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் தாளை இன்னும் பிரிக்கவே இல்லை! அழுக்காகிவிடுமாம்.

"ஐயா, மகனோட டிராக் பேண்ட்டும் ஷூவும் கொஞ்சம் போட்டுக்கிறீங்களா?" என்றேன். முறைத்தார். பேத்தி கெஞ்சியதால் போட்டுக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு தெரு சுற்றிவந்து, வழுக்கிக்கொண்டு இறங்கிக் கதவில் கை வைத்தார். டப். "அடேயப்பா" என்று கையை உதறியவர், வலியை மறந்து மருமகளைப் பார்த்து, "விரல் மரத்துப்போச்சுன்னியே" என்றார்.

ஏன் இப்படி

சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வேறு வேறு பொருட்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றில் கொஞ்சம் நேர்மின்னூட்டமும் இன்னொன்றில் எதிர்மின்னூட்டமும் தங்கும், இதுதான் நிலைமின்சாரம், பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கியது இதேதான். சீட்டில் உட்கார்ந்திருக்கும் வரை உடையில் இருப்பதும் சீட்டில் இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. எழுந்து விலகும் அந்த ஒரு நொடியில்தான் உடம்பின் மின்னழுத்தம் கிடுகிடுவென்று ஏறும், பத்தாயிரம் வோல்ட் வரைக்கும் போகலாம். செருப்பின் அடி ரப்பர் என்பதால் தரைக்கு இறங்க வழி இல்லை, உலோகத்தைத் தொடும்போது விரல் நுனி வழியாக ஒரே பொறியாக இறங்கும்.

பத்தாயிரம் வோல்ட் என்றதும் அம்மா முகம் மாறியது. வோல்ட் பெரிதுதான், ஆனால் உடம்பு பிடித்துவைக்கும் மின்னூட்டம் ரொம்பச் சின்னது. உடம்பின் மின்தேக்குத்திறன் சுமார் 100 முதல் 200 பிக்கோஃபேரட், அந்தக் கணக்கில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு ஆற்றல் 5 முதல் 10 மில்லிஜூல் வரும், அதுவும் ஒரு மைக்ரோ நொடிக்குள் முடிந்துவிடும். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்கு அடித்ததே தெரியாது. ஆளுக்கு ஆபத்து இல்லை. பெட்ரோல் ஆவிக்கு மட்டும் இது போதும், அது பற்ற ஒரு மில்லிஜூலுக்கும் குறைவே போதும். அமெரிக்காவில் பங்கில் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் பழக்கம் என்பதால், குழாயைச் சொருகிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்து திரும்ப இறங்கிவந்து குழாயைத் தொட்டுத் தீப்பிடித்த சம்பவங்கள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. நம் ஊரில் போடுவது பங்க் ஊழியர், நாம் ஏறி இறங்கினாலும் குழாயைத் தொடுவதில்லை. இவர்களுக்கோ பெட்ரோலே இல்லை.

சென்னையில் ஆறு வருடம் அடிக்காததற்குக் காரணம் காற்று. கடலோரக் காற்றின் ஈரம் துணி மேலும் தோல் மேலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து, சேரும் மின்னூட்டத்தைச் சேரச் சேரக் கசியவிட்டுவிடும். பெங்களூர் பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த ஊர். அந்த வருடம் கேட்கவே வேண்டாம், தண்ணீர்ப் பஞ்சம், ஏப்ரல் முழுக்க நகரத்தில் மழையே இல்லை. நான் கொண்டுபோன ஈரப்பதமானி மத்தியானம் மூன்று மணிக்கு 21 சதவீதம் காட்டியது. மறுநாள் காலை ஆறரைக்குப் பார்க்கச் சொன்னேன், 57. நோட்டில் காலைப் பக்கம் ஏன் காலியாக இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

எடுத்த முடிவுகள்

முக்கியமானது இறங்கும் முறை. கதவைத் திறந்ததும், சீட்டை விட்டு எழுவதற்கு முன்னாலேயே, கதவு வந்து பூட்டிக்கொள்ளும் அந்த வளைந்த இரும்புக் கொண்டியை, பெயின்ட் அடிக்காத வெறும் உலோகம் அது, கையால் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தபடியே எழுந்து இரண்டு காலையும் தரையில் வைத்த பிறகு விட வேண்டும். எழும்போது சேருவது சேரச் சேரக் கை வழியாக வண்டிக்குப் போய்விடும், பொறி வர இடமில்லை. எழுந்து நின்ற பிறகு பிடித்தால் பிரயோஜனம் இல்லை, அப்போது அந்தக் கொண்டியே அடிக்கும். உட்கார்ந்தபடி குழந்தைக்குக் கொண்டி எட்டாது, அதனால் அவள் கையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம். இறங்கியதும் நாணயத்தால் கதவின் உலோகத்தைத் தொட வேண்டும், பொறி நாணயத்தில் விழும், விரலுக்குத் தெரியாது.

பிளாஸ்டிக் தாளைப் பிரித்துப் போட்டோம். ரெக்சின் கவரைக் கழற்ற மனம் வரவில்லை, 9,000 ரூபாய் கொடுத்துப் போட்டதாம், அதனால் அதன் மேல் பழைய பருத்தித் துண்டு விரித்தார்கள். பார்க்க அழகில்லை. எர்த் பட்டையைக் கழற்றிவிடச் சொன்னேன், கணவர் கழற்றவில்லை, இருந்துட்டுப் போகட்டும் என்றார். சரி.

இரண்டு வாரத்தில் அம்மாவுக்குத் தினமும் என்றிருந்தது வாரம் ஒன்று என்று ஆனது, அதுவும் அவசரத்தில் கொண்டியைப் பிடிக்க மறந்த நாளில். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஏப்ரல்: தப்பு நடந்த இடம்

ஏப்ரல் முதல் வாரத்தில், காலையில் வண்டி துடைக்க வரும் பையன் அம்மாவிடம், "அக்கா, வண்டியத் தொட்டா கை ஜிவ்வுங்குது" என்று சொல்லியிருக்கிறான். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், அந்தத் தெருவில் ஏழெட்டு வண்டி துடைக்கிறான். அம்மா அவனுக்கு என் விளக்கத்தை அப்படியே சொன்னார்: காய்ந்த காற்று, நிலைமின்சாரம், ஒன்றும் ஆகாது. அவன் நம்பவில்லை போல. அம்மா எனக்குப் போன் செய்தார்.

நான் என்ன சொன்னேன் என்று அவர் போனில் பதிவாகவே இருக்கிறது, வாட்ஸ்அப் குரல் செய்தி: "அதேதாம்மா, வெயில் காலம் போற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். சந்தேகமா இருந்தா டெஸ்டர் வச்சுப் பாருங்க." டெஸ்டர் வைத்துப் பார்த்தார்கள், எரியவில்லை. விஷயம் அதோடு முடிந்தது.

இப்போது அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பையன் வருவது காலை ஆறு மணிக்கு, ஈரப்பதம் அதிகம் இருக்கும் நேரம். மார்ச்சிலேயே குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்ததால், இவர்கள் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வாளியில் பிடித்துவைப்பார்கள், அதில் துணியை நனைத்துத் துடைப்பான். செருப்பைக் கேட் பக்கத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்பான். ஈரக் கை, ஈரத் துணி, வெறுங்கால். அவன் காருக்குள் உட்கார்ந்து எழுவதும் கிடையாது. நிலைமின்சாரம் சேர முடியாத நிலை என்று ஒன்றைப் பாடத்தில் படம் போட்டுக் காட்டச் சொன்னால் அவனைத்தான் வரைய வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு புதிருக்கு விடை கண்டுபிடித்த சந்தோஷத்தில் அடுத்த புதிருக்கும் அதே விடையைக் கொடுத்துவிட்டேன்.

பையன் தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்திருக்கிறான். செருப்புப் போட்டுக்கொண்டு துடைத்தால் ஜிவ்வுவதில்லை என்று கண்டுபிடித்து அப்படியே செய்தான், சில நாள் அந்த வண்டியை மட்டும் கடைசிக்குத் தள்ளிப்போட்டு, சார்ஜ் வயரை எடுத்த பிறகு துடைத்தான். அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தார்.

ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்குப் பெரியவரிடமிருந்து எனக்குப் போன். துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரக் காலோடு வந்தவர், பானெட் மேல் கை ஊன்றியிருக்கிறார். அதே கதர் வேட்டி.

"தம்பி, எனக்கே அடிக்குது. இது அது இல்ல. அது சுள்ளுனு அடிச்சிட்டு விட்டுடும். இது விடல, கை வச்சிருக்கற வரைக்கும் எறும்பு ஊர்ற மாதிரி ஊர்ந்துட்டே இருக்கு."

சார்ஜ் வயர் மாட்டியிருக்கிறதா என்று கேட்டேன். மாட்டியிருந்தது. கையை எடுங்கள், யாரும் வண்டியைத் தொட வேண்டாம், உள்ளே போய் போர்ட்டிகோ பிளக்கின் எம்சிபியை (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே விழும் சுவிட்ச்) இறக்குங்கள், அதற்கப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள் என்று சொல்லிவிட்டு அரை நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

பிளக்கைத் திறந்தபோது

தோட்டத்து மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, அதற்கும் வண்டியின் கொண்டிக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தேன். சார்ஜர் இல்லாதபோது பூஜ்யம். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிச் சார்ஜ் போட்டதும் 14 வோல்ட் ஏசி. தண்ணீர் மோட்டாரையும் போடச் சொன்னேன், 19 ஆனது. டெஸ்டரில் இருக்கும் நியான் எரிய அறுபது எழுபது வோல்ட்டாவது வேண்டும், 14 வோல்ட்டுக்கு அது எப்படி எரியும்? எரியாத டெஸ்டரை வைத்துத்தான் நான் போனில் தைரியம் சொன்னேன்.

எம்சிபியை இறக்கிவிட்டுப் பிளக்கைக் கழற்றினோம். உள்ளே எர்த் முனைக்கு, கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியே வரவில்லை. அதற்குப் பதில் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குலத்துக்கு ஒரு துண்டுக் கம்பி. ஜனவரியில் சிவப்பு விளக்கைப் பச்சையாக்கிய வேலை இதுதான். எர்த் இல்லை, சார்ஜ் போடமாட்டேன் என்று சார்ஜர் சரியாகச் சொல்லியிருக்கிறது. எலெக்ட்ரீஷியன் நியூட்ரலையே எர்த் என்று காட்டி அதன் வாயை அடைத்துவிட்டார். ஊரெல்லாம் நடக்கிற வேலை, யாரும் ரகசியமாகக்கூடச் செய்வதில்லை.

நியூட்ரல் வழியாகச் சார்ஜரின் முழுக் கரண்டும் திரும்பிப் போகிறது. கம்பி நீளமாக, மெலிசாக இருக்க இருக்க அதில் சில வோல்ட் நிற்கும். எர்த் முனையும் அதோடு சேர்ந்துவிட்டதால், அந்தச் சில வோல்ட் அப்படியே காரின் உடல் முழுக்க இருந்தது. பதினாலு வோல்ட் காய்ந்த கைக்கும் செருப்புக் காலுக்கும் தெரியாது, அதனால்தான் காரை ஓட்டுகிற இருவருக்கும் மூன்று மாதமாக ஒன்றும் தெரியவில்லை. ஈரக் காலோடு நிற்பவருக்குத்தான் தெரியும்.

பதினாலு வோல்ட் அல்ல நான் பயந்தது. மீட்டர் போர்டிலோ வெளியே கம்பத்திலோ நியூட்ரல் ஒரு நாள் விட்டுப்போயிருந்தால், அல்லது கரண்ட் வரும் பேஸும் திரும்பும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், காரின் உடல் மொத்தமும் 230 வோல்ட்டுக்குப் போயிருக்கும். எம்சிபி விழாது, அதற்குத் தேவையான அளவு கரண்ட் ஓர் ஆள் உடம்பு வழியாகப் போகாது. கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் அந்த லைனில் இல்லை. சார்ஜ் நின்றுபோயிருக்கும், வீட்டில் கரண்ட் இல்லை என்று நினைத்து யாராவது வெளியே வந்து காரின் வயரைப் பிடுங்கப் போயிருப்பார்கள்.

சரிசெய்தது

அன்றிலிருந்து வீட்டில் சார்ஜ் போடுவதை நிறுத்தினோம், பதினெட்டு நாள் பக்கத்திலிருந்த பொதுச் சார்ஜிங் நிலையத்தில் போட்டார்கள். தாமதத்துக்குக் காரணம் வேலை இல்லை, வீட்டு உரிமையாளர். மூணு மாசமா நல்லாத்தானே இருந்தது என்பது அவர் கேள்வி. அவரைக் கூட்டிவந்து, மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து, 14 என்ற எண்ணைப் பார்க்க வைத்த பிறகுதான் இறங்கிவந்தார். பாதிச் செலவு அவர், பாதி இவர்கள்.

வீட்டின் பழைய எர்த் கம்பி மீட்டர் போர்டுக்கு வருவதற்கு முன்பே துருப்பிடித்து அறுந்திருந்தது, அது புதைந்திருந்த எர்த் குழியும் காய்ந்து பாறையாக இருந்தது. புதுக் குழி தோண்டி, செம்பு பூசிய கம்பி இறக்கி, எர்த் பவுடர் போட்டு, தனி எர்த் கம்பியைப் பிளக் வரை இழுத்தோம். அந்த லைனுக்கு மட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கார் சார்ஜருக்கு வேண்டிய ஏ வகை. குழியின் எர்த் மின்தடை அளந்தபோது 4 ஓமுக்குச் சற்றுக் கீழே. சார்ஜ் போட்டு வண்டியின் உடலில் மறுபடி அளந்தேன், மோட்டார் ஓடும்போதும் அரை வோல்ட்டைத் தாண்டவில்லை. மாதம் இரண்டு தரம் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பெரியவர் எடுத்துக்கொண்டார், துளசிக்கு அடுத்து அது.

மே முதல் வாரம் மழை பெய்தது. கதவில் அடிக்கும் சுள் ஷாக்கும் அந்த வாரத்தோடு நின்றது, அடுத்த பிப்ரவரியில் லேசாகத் திரும்பி வந்தது. குழந்தை நாணயத்தை இன்னும் பையில் வைத்திருக்கிறாள்.

இன்னொரு தரம் என்றால்

ஷாக் என்று ஒருவர் சொன்னதும் இனி நான் முதலில் கேட்பது, ஒரு தரம் அடித்து விட்டுவிட்டதா, தொட்டுக்கொண்டிருக்கும் வரை இருக்கிறதா என்பது. பெரியவர் அந்த வித்தியாசத்தை நான் கேட்காமலேயே ஒரே வாக்கியத்தில் சொன்னார். இரண்டாவது கேள்வி, அந்த நேரத்தில் வண்டி சுவரோடு வயரால் இணைந்திருந்ததா. மார்ச்சில் நான் போனபோது வண்டி சார்ஜில் இல்லை, பிளக்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புது எலெக்ட்ரிக் கார் வந்திருக்கும் வீட்டில், என்ன புகாருக்குப் போனாலும் பிளக்கின் எர்த்தை அளந்துவிட்டு வர ஐந்து நிமிடம் ஆகுமா?

அந்தப் பையனிடம் நானே பேசியிருக்க வேண்டும். அவன் சொன்னது அம்மா வழியாக எனக்கு வந்தபோது "ஷாக் அடிக்குதாம்" என்று சுருங்கிவிட்டது, ஜிவ்வுங்குது என்ற வார்த்தை வழியிலேயே விழுந்துவிட்டது. ஈரத் துணியும் செருப்பும் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்த அன்றைக்கு அவனைக் கூப்பிட்டு மீட்டரில் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்பவே சொன்னேன் சார்" என்றான், அவ்வளவுதான்.

அவன்தான் இன்னொன்றும் சொன்னான். அதே தெருவில் வேறு இரண்டு வீட்டிலும் எலெக்ட்ரிக் கார் நிற்கிறது, பிளக் போட்டது அதே எலெக்ட்ரீஷியன். ஒரு வீட்டில் திறந்து பார்க்க விட்டார்கள், உள்ளே அதே இரண்டு அங்குலக் கம்பி, மறுநாளே ஆள் வைத்துச் சரிசெய்துகொண்டார்கள். இன்னொரு வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்து, "எங்களுக்கு ஒண்ணும் அடிக்கலையே" என்றார். அந்த வண்டியைப் பையன் இப்போது செருப்புப் போட்டுக்கொண்டுதான் துடைக்கிறான்.